இடைவெளியை அடைக்காதீர்கள், கோடு போடுங்கள்: மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே, சென்டர் மீடியனில் இருக்கும் இடைவெளியை அடைக்கப்போவதாக நீங்கள் அனுப்பிய பதில் வந்து சேர்ந்தது. நாங்கள் கேட்டது அது இல்லை. ரோடு புதிதாகப் போட்டபோது தாருக்கு அடியில் போய்விட்ட ஜீப்ரா கோட்டைத் திரும்பப் போடச் சொல்லித்தான் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனுக் கொடுத்தோம். எட்டு மாதம் கழித்து வந்த பதிலில், பொதுமக்கள் கவனக்குறைவாகச் சாலையைக் கடப்பதால் விபத்து நடக்கிறது, ஆகவே கடக்கும் இடமே இல்லாமல் செய்துவிடுகிறோம் என்ற பொருளில் எழுதியிருக்கிறீர்கள். கிணற்றில் பிள்ளைகள் விழுகிறார்கள் என்று சொன்னால் சுற்றுச்சுவர் கட்டுவார்கள். நீங்கள் யாரும் தண்ணீர் எடுக்க வராதீர்கள் என்கிறீர்கள்.

அந்த இடத்தை உங்களில் எத்தனை பேர் இறங்கி நின்று பார்த்தீர்கள் என்று தெரியாது. சாலைக்குக் கிழக்கே பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும். மேற்கே டவுன் பஸ் நிற்கும் இடமும் ஆரம்ப சுகாதார நிலையமும். ஊரை நடுவில் வகுந்துகொண்டு மாநில நெடுஞ்சாலை போகிறது. காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை மூன்று நாள் அங்கே நின்று எண்ணினேன். ஒரு நாளும் கடக்கிறவர்கள் முந்நூறு பேருக்குக் குறையவில்லை. இந்த இடைவெளியை அடைத்தால் அடுத்த திருப்பம் வடக்கே 1.4 கிலோமீட்டரில் இருக்கிறது, என் வண்டி மீட்டரில் பார்த்தேன். தெற்கே இன்னும் தூரம். ரேஷன் அரிசி வாங்க இரண்டே முக்கால் கிலோமீட்டர் சுற்றி நடக்க எந்தப் பாட்டியும் தயாராக இருக்கமாட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மீடியன் மேல் ஏறி இறங்குவாள். பையன்கள் தாண்டிக் குதிப்பார்கள்.

இது என் கற்பனை இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அரிசி ஆலைக்கு எதிரே இருந்த இடைவெளியை இதே மாதிரி அடைத்தீர்கள். ஒரே வாரத்தில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கடப்பாரையால் உடைத்து ஒரு ஆள் நுழையும் சந்து போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே கம்பி நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. டூவீலர்காரர்கள் திருப்பம் வரைக்கும் போய் வர மனமில்லாமல் ராங் சைடில் ஓரமாக வர ஆரம்பித்தார்கள். போன ஆடி மாதம் என் அம்மா பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைக் கடந்தார். 68 வயது. வண்டி வரவேண்டிய பக்கம் பார்த்துவிட்டுத்தான் கால் வைத்தார். வரக்கூடாத பக்கத்திலிருந்து வந்த பைக் அடித்தது. இடுப்பு எலும்பு முறிந்து இப்போது வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டபோது, சாலையைக் கவனக்குறைவாகக் கடந்த பெண்மணி என்று எழுதினார்கள். உங்கள் பதிலிலும் அதே சொல் இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் லாரி ஓட்டுநர். 2008 முதல் 2019 வரை பதினோரு ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்தேன், அதில் ஒன்பது ஆண்டுகள் அங்கே லாரி ஓட்டினேன். இப்போது ஊரில் மினி லாரி வைத்துத் தேங்காயும் ஹாலோ பிளாக்கும் ஏற்றுகிறேன். அங்கேயும் இடது பக்கம்தான், இங்கேயும் இடது பக்கம்தான். ஸ்டியரிங் வலது பக்கம். போர்டுகள்கூட ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் வெள்ளைக்காரன் விட்டுப்போன ஒழுங்கு. ஓட்டுகிற நானும் ஒரே ஆள்தான். ஆனால் அங்கே ஓட்டியது ஒரு விதமாகவும் இங்கே ஓட்டுவது வேறு விதமாகவும் இருக்கிறது. ஏன் என்று எனக்கே பல நாள் யோசனை. அதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

இங்கே நான் லைசென்ஸ் வாங்கிய கதை உங்களுக்குத் தெரிந்த கதைதான். எல்.எல்.ஆர். தேர்வில் நூற்றுக்கு அறுபது சரியாக இருந்தால் போதும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. வண்டியை நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டி, ரிவர்ஸ் எடுத்துக் காட்டினேன். முடிந்தது. அப்புறம் அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் திருச்சிக்கும் மதுரைக்கும் லோடு அடித்திருக்கிறேன். பெரிய ஓட்டுநர் என்ற நினைப்பு.

சிங்கப்பூரில் அடிப்படைத் தேர்வில் 50 கேள்வி, 45 சரியாக எழுத வேண்டும். அதில் தேறி, அடுத்த தேர்விலும் தேறி, ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போனேன். தவறு செய்யச் செய்ய புள்ளி ஏறும், 18க்கு மேல் போனால் பெயில். கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது, தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். அது எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், செய்தேன். ஒரு ஜீப்ரா கிராசிங் வந்தது. நடைபாதை விளிம்பில் ஒரு சீன ஆ மா, அதாவது பாட்டி, கையில் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். ரோட்டில் கால் வைக்கவில்லை. நான் வேகத்தைக் குறைத்து, நம் ஊர்ப் பழக்கத்தில் லேசாக ஹாரனைத் தொட்டுவிட்டுப் போய்விட்டேன். தேர்வு எடுத்த அதிகாரி ஒன்றும் பேசவில்லை, ஏதோ எழுதினார். திரும்பி வந்ததும் பெயில் என்றார். வேறு எதையும் பார்க்கவே இல்லை. அந்தம்மா கடக்கவே ஆரம்பிக்கவில்லையே என்றேன். அவர் கடக்க நின்றார், நீ நிற்கவில்லை என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் கம்பெனியில் மூட்டை தூக்கினேன்.

இரண்டாவது தடவை தேறினேன். ஆனாலும் விட்டுவிடமாட்டார்கள். ஓராண்டுக்கு வண்டியில் 'பி' அட்டை ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். அந்த ஆண்டுக்குள் விதி மீறியதற்காக 13 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து, எல்லாத் தேர்வும் மறுபடி முதலிலிருந்து. அதைத் தாண்டினால் இரண்டாண்டுக்கு 24 புள்ளி என்ற கணக்கு. அங்கே நம் பையன்கள் சம்மன் என்று சொல்வார்கள், அதாவது அபராதம். சம்மன் பணம் போனால்கூடப் போகட்டும், புள்ளிதான் பயம். லைசென்ஸ் போனால் ஓட்டுநர் வேலை போகும், வேலை போனால் பர்மிட் போகும், பர்மிட் போனால் திருச்சி விமானம்தான்.

அந்த ஜீப்ரா கிராசிங் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் கேட்டது அதைத்தான். வெறும் வெள்ளைக் கோடு மட்டும் இருக்காது. இரண்டு பக்கமும் கறுப்பு வெள்ளைக் கம்பம், அதன் உச்சியில் மஞ்சள் உருண்டை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். மழை ராத்திரியிலும் தூரத்திலிருந்தே தெரியும். கோட்டுக்கு முன்னால் கொஞ்ச தூரம் ரோட்டின் ஓரக் கோடே வளைந்து வளைந்து பாம்பு மாதிரி போகும். அந்த வளைகோடு தொடங்கிவிட்டால் முந்தக்கூடாது, வண்டியை நிறுத்திப்போடக்கூடாது. நிறுத்திய வண்டிக்குப் பின்னாலிருந்து பிள்ளை வெளியே வந்தால் யாருக்கும் தெரியாதே, அதற்காக. பல இடங்களில் கிராசிங்கையே மேடாகக் கட்டியிருப்பார்கள், நடைபாதை உயரத்துக்கு. வேகத்தடையும் அதுதான், கடக்கும் இடமும் அதுதான். நடப்பவர் இறங்கி ஏறவேண்டியதில்லை, வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். யாருக்கு யார் பணிய வேண்டும் என்று ரோடே சொல்லிவிடும்.

அங்கே சின்னப் பிள்ளைகள் கடக்கும்போது ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடக்கும். வலது பார், இடது பார், மறுபடி வலது பார், கையைத் தூக்கு என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். லாரி கேபினிலிருந்து பார்த்தால் பானெட்டுக்குக் கீழே அந்தக் கை மட்டும் போவது தெரியும். ஒன்பது வருஷத்தில் எத்தனை முறை பார்த்திருப்பேன். பார்க்கும்போதெல்லாம் என் மகள் நினைப்பு வரும். அவள் அப்போது எங்கள் ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதே வயதுப் பிள்ளை இங்கே ரோட்டைக் கடக்கும்போது கையைத் தூக்கினால் பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி நான் திரும்பி வந்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். 2019இல் வந்த புதிதில் பழக்கதோஷம், பள்ளிக்கு எதிரே கோட்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினேன். அப்போது கோடு இருந்தது. ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றான். போ என்று கை காட்டினேன். அவன் நம்பிக்கையோடு இறங்கினான். பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. இரண்டு பைக் என் வலது பக்கமாகப் புகுந்து வந்தன. ஒன்று பையனின் சைக்கிள் முன்சக்கரத்தை உரசிக்கொண்டு போனது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. நான் நிற்காமல் போயிருந்தால் அவன் ஓரத்திலேயே நின்றிருப்பான். நான் விதியை மதித்ததால் அவனைக் கொல்லப் பார்த்தேன். அன்றிலிருந்து இங்கே நான் ஜீப்ராவில் நிற்பதில்லை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆகவே ஓட்டுநர்களே நில்லுங்கள், மக்களே கவனமாகக் கடவுங்கள் என்று பேனர் வைப்பதால் மட்டும் நடக்கும் காரியம் இல்லை இது. ஒருவர் மட்டும் விதிப்படி நடந்தால் அது ஆபத்து. எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டுமானால் நிற்க வைக்கிற மாதிரி ரோடு இருக்க வேண்டும், நிற்காதவனைக் கேட்க ஆள் இருக்க வேண்டும். இரண்டும் உங்கள் கையில் இருப்பவை. என் அம்மா கையில் இல்லை.

நம் சாலையில் எழுதாத சட்டம் நிறைய இருக்கிறது, அது உங்களுக்கும் தெரியும். நாற்சந்தியில் நேராகப் போகிறவன் நான்கு இண்டிகேட்டரையும் போடுகிறான். பக்கத்துச் சாலையிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு பக்க விளக்கு மட்டும்தான் தெரியும், திரும்பப் போகிறான் போல என்று நினைத்து உள்ளே வந்துவிடுவான். லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டால் நான் வலது பக்கம் திரும்புகிறேன் என்றும் அர்த்தம், நீ முந்திப் போகலாம் என்றும் அர்த்தம். அந்தந்த ஓட்டுநரைப் பொறுத்தது. எதிரே வருகிறவன் விளக்கை அடித்துக் காட்டினால் நான் வருகிறேன், நீ நில் என்று பொருள். பாலத்தில் யார் முதலில் அடித்தார்களோ அவருக்கு வழி. ஹாரன் ஒரு தனி மொழி. இங்கே நான் ஒரு நாளைக்கு அடிக்கும் ஹாரனை அங்கே ஒரு வருஷத்துக்கு அடித்திருக்கமாட்டேன். இதெல்லாம் ஓட்டுகிறவர்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷை. நடக்கிறவருக்கு இந்தப் பாஷையில் ஒரு சொல்கூட இல்லை. அவரிடம் விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை. கையை நீட்டிக்கொண்டு ஓடுவதுதான் அவருக்குத் தெரிந்தது.

நம் மக்களுக்கு ஒழுக்கம் கிடையாது என்று குறைதீர் கூட்டத்தில் ஒரு அலுவலர் சொன்னார். நான் ஏற்கமாட்டேன். சிங்கப்பூரில் என்னோடு லாரி ஓட்டியவர்கள் மன்னார்குடி, அறந்தாங்கி, பட்டுக்கோட்டைப் பையன்கள். அங்கே அவர்கள் ஆள் நிற்பதைப் பார்த்தாலே பிரேக்கில் கால் வைப்பார்கள். அதே பையன்கள் விடுமுறைக்கு வந்து திருச்சி விமான நிலையத்திலிருந்து வெளியே வந்து பத்து நிமிடத்தில் சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுகிறார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேர விமானப் பயணத்தில் ஒழுக்கம் எங்கே தொலைந்தது? ஆள் மாறவில்லை, கேட்கிறவர்தான் மாறினார்.

இன்னொன்றும் உண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களைப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சாலை ஓரமாகக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். முதுகுப் பையில் காவல்துறை ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறது. லாரிக்காரர் வேகத்தைக் குறைக்கிறார், டிம் போடுகிறார். ஒட்டன்சத்திரம் பக்கம் நெடுஞ்சாலையோரம் பாதயாத்திரைக்காரர்களுக்கென்றே தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். முருகனைப் பார்க்க நடப்பவருக்கு வழிவிடத் தெரிந்த நாம்தான் பள்ளிக்கூடத்துக்கு நடப்பவருக்கு விடுவதில்லை. அங்கே நடப்பவர் வருவார் என்று எதிர்பார்த்து ரோடு தயாராகிறது. எங்கள் ஊரில் நடப்பவர் தொந்தரவு.

சிங்கப்பூரைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கே லாரியின் பின்னால் ஆட்களை ஏற்றிப் போகலாம். எத்தனை பேர் என்று வண்டியின் பக்கத்தில் எழுதியிருக்கும், அதற்குமேல் ஒருவரை ஏற்றினால் சம்மன். ஆனால் லாரியின் பின்னால் தளப் பலகையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு சீட் பெல்ட் கிடையாது. காரில் பின் சீட்டில் உட்காருகிறவர் பெல்ட் போடாவிட்டால் அபராதம் போடும் ஊர் அது. 2021 ஏப்ரலில் பான் ஐலண்ட் விரைவுச்சாலையில் தொழிலாளர்களை ஏற்றிவந்த லாரி நின்றிருந்த டிப்பர் மீது மோதி இரண்டு பேர் இறந்தார்கள். நான் அப்போது ஊருக்கு வந்துவிட்டேன். ஆனால் அதே சாலையில் அதே மாதிரிப் பலகையில் நம் பையன்களை ஏற்றிக்கொண்டு நான் எத்தனை நாள் போயிருக்கிறேன். மழை வந்தால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எவ்வளவு பேர் கேட்டும் அந்த அரசாங்கம் அதை முழுதாக நிறுத்தவில்லை. அங்கேயும் யார் உயிருக்கு எவ்வளவு மதிப்பு என்பதில் பேதம் இருக்கிறது. ரோட்டைக் கடக்கிறவருக்கும் கண்டிப்பு உண்டு. கிராசிங் 50 மீட்டருக்குள் இருக்கும்போது வேறு இடத்தில் கடந்தால் குற்றம். நான் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். 50 மீட்டரில் வழி கொடுத்துவிட்டு அப்புறம் கண்டிக்கிறார்கள். நீங்கள் 1,400 மீட்டரில் கொடுக்கிறீர்கள்.

அங்கே என்னைக் கவர்ந்தது வேறு ஒன்று. விபத்து நடந்தால் ஓட்டியவனைத் தண்டிப்பதோடு நிறுத்தாமல் ரோட்டையும் விசாரிக்கிறார்கள். எதிரே வருகிற வண்டிகளுக்கு நடுவில் இடம் பார்த்து வலது பக்கம் திரும்பும் சந்திப்புகள் அங்கே நிறைய இருந்தன. பெரிய லாரியில் உட்கார்ந்து அப்படித் திரும்பும்போது உயிர் கையில் இருக்கும். 2018இல் சில மோசமான விபத்துகளுக்குப் பிறகு, வலது பக்கம் திரும்புவதற்கு என்றே சிவப்பு, மஞ்சள், பச்சை அம்பு விளக்குகளைச் சந்திப்பு சந்திப்பாக வைத்துக்கொண்டு போனார்கள். வயதானவர்கள் அதிகம் இருக்கும் பகுதிகளில் 2014 முதல் சாலையைக் குறுக்கி, வளைத்து, நடுவில் நின்று மூச்சு வாங்க இடம் விட்டுக் கட்டுகிறார்கள். 2009இலிருந்து சிக்னல் கம்பத்தில் ஒரு பெட்டி உண்டு. முதியவர் தன் சலுகை அட்டையை அதில் தட்டினால் பச்சை மனிதன் இன்னும் சில விநாடி கூடுதலாக எரிவான், ரோட்டின் அகலத்தைப் பொறுத்து மூன்றிலிருந்து பதின்மூன்று விநாடி வரை. என் அம்மா வயதுக்காரர்கள் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டியிடம் சீக்கிரம் நட என்று சொல்லாமல் விளக்கிடம் கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறார்கள்.

அது பணக்கார ஊர், சின்ன ஊர் என்பீர்கள். சரி. கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் சிங்கப்பூரில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 108 பேர். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 17,884 பேர். நம் மக்கள்தொகை அவர்களைப் போலப் பதின்மூன்று பதினான்கு மடங்கு இருக்கும். சாவு 165 மடங்கு. இந்தியா முழுக்க அந்த ஆண்டு 1,68,491 பேர் இறந்ததில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இவர்கள் யாரும் வேகமாக ஓட்டவில்லை, குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்கவில்லை. அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை என்ற 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில்தான் என் அம்மாவைச் சேர்த்தோம், ஒரு பைசா கேட்கவில்லை. அடிபட்ட பிறகு இவ்வளவு அக்கறை காட்டும் அரசு, அடிபடும் முன்னால் நான்கு டப்பா வெள்ளை பெயின்ட்டுக்கு யோசிப்பதுதான் புரியவில்லை.

சட்டமும் உங்களுக்குக் குறைவாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 215ஆம் பிரிவுதான் உங்கள் குழுவையே உண்டாக்கியது. விளக்கு இல்லாத கடக்கும் இடத்தில் வாகனம் நின்று நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பது 2017இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. சிங்கப்பூரில் என்னைப் பெயில் ஆக்கிய அதே விதி இங்கேயும் இருக்கிறது, யாரையும் அது பெயில் ஆக்கி நான் பார்த்ததில்லை. ஹெல்மெட் இல்லை என்று எங்கள் ஊர் முக்கில் 1,000 ரூபாய் அபராதம் போடுகிறார்கள், போடட்டும், நல்லதுதான். ஆனால் ஜீப்ராவில் நிற்காததற்கு ஒரு செலான்கூட எழுதிப் பார்த்ததில்லை. 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சாலையை வடிவமைப்பதில், கட்டுவதில், பராமரிப்பதில் பாதுகாப்புத் தரத்தைக் கைவிட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நடப்பவர்களுக்கான வசதிகளை எப்படிக் கட்டுவது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 என்ற எண்ணில் நம் பொறியாளர்களுக்கே ஒரு வழிகாட்டி நூல் இருக்கிறது. புதிதாக ரோடு போட்டவர் பழைய கோட்டைத் திரும்பப் போடாமல் பில் வாங்கிக்கொண்டு போனது யாருடைய கவனக்குறைவு?

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். இடைவெளியை அடைக்கும் முடிவை அடுத்த கூட்டத்திலேயே ரத்து செய்யுங்கள். அந்த இடத்தில் வெறும் கோடு வேண்டாம், மேடாகக் கட்டிய கிராசிங் வேண்டும். முன்னால் எச்சரிக்கைப் பலகை, ராத்திரியில் தெரிய விளக்கு, மீடியனில் ஆறு ஏழு பேர் நின்றுகொள்ள இடம். மீடியனில் டூவீலர் நுழைய முடியாதபடி இரண்டு கம்பம் நட்டால் போதும், ஆள் மட்டும் போவார்கள், உங்கள் பயமும் தீரும். கிராசிங்குக்கு இரு பக்கமும் 30 மீட்டருக்கு வேனும் ஆட்டோவும் நிற்கக் கூடாது. விளம்பரத்தோடு நிற்கும் பேரிகார்டை எடுத்துவிடுங்கள், அது பிள்ளைகளை மறைக்கிறது. அரிசி ஆலை எதிரே உடைத்துக் கிடக்கும் சந்தின் கம்பியை வெட்டி, அங்கேயும் இதே மாதிரி வழி செய்யுங்கள். அதுவரை ராங் சைடு நிற்காது.

காலையும் மாலையும் பள்ளி நேரத்தில் ஒரு காவலரை நிறுத்துங்கள். ஹெல்மெட் பார்ப்பது அவர் வேலையாக இருக்கக் கூடாது, கோட்டில் நிற்காத வண்டியைப் பிடிப்பது மட்டும்தான் வேலை. மூன்று மாதம் விடாமல் செய்யச் சொல்லுங்கள். என் வண்டி நிற்காமல் போனால் எனக்கும் போடட்டும். ஓட்டுநர் தேர்வில் ஒரு ஜீப்ராவையும் அதன் பக்கத்தில் ஒரு ஆளையும் நிறுத்தி, நிற்காதவரைத் திருப்பி அனுப்பும்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடம் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் இனி எந்த ரோடு புதிதாகப் போட்டாலும் கடக்கும் கோடுகளைத் திரும்பப் போட்ட பிறகுதான் கடைசி பில் என்று தீர்மானம் போடுங்கள். எங்கள் ஊரில் நடக்கும் விபத்துகளின் வழக்குப் பதிவில், கடக்க அங்கே வழி இருந்ததா என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் குழு அடுத்து கூடும் தேதியை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நான் வருகிறேன். கூடவே பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளையும் ரேஷன் கடைக்குப் போகும் ஒரு பாட்டியையும் அழைத்து வருகிறேன். முடிந்தால் நீங்கள் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள். ஜீப்பைக் கிழக்கே நிறுத்திவிட்டு மேற்கே டீக்கடைக்கு நடந்து வாருங்கள், நான் அங்கே நிற்கிறேன். பள்ளி ஜூனில் திறக்கிறது. அதற்குள் எங்களுக்குப் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
அதே சாலையில் தினமும் வண்டி ஓட்டும் ஒருவன்